ஒய்.பி.யை மன்னிக்கும் ஞாயிறுகள்

எங்கள் தோட்டத்துச் சபையில் தலைவர்களுக்கான ஜெபம் என் பொறுப்பாக இருந்தது. என் பக்தியைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காணிக்கை எடுத்து முடிந்ததும் ஆளுக்கொரு ஜெபம் செய்வது எங்கள் வழக்கம். நோயாளிகளுக்கான ஜெபத்துக்கு எப்போதும் போட்டி உண்டு. அடுத்தவர் நோயோடு தன் முழங்கால் வலியையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம். பயணம் செய்கிறவர்களுக்கான ஜெபத்தை, மகள் சிங்கப்பூரில் இருக்கும் ஓர் அம்மா யாருக்கும் விட்டுத் தரமாட்டார். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கோழிக் கறிச் சட்டியில் கடைசியாக மிஞ்சும் கழுத்துத் துண்டு மாதிரி, தலைவர்களுக்கான ஜெபம் மட்டும் யாரும் தொடாமல் கிடந்தது. போதகர் என்னைப் பார்த்தார்.

"நீங்க எடுத்துக்குங்கண்ணே. நின்னுக்கிட்டு ஜெபம் பண்ணா குறட்டை வராது."

இப்படித்தான் நாட்டின் ஆன்மீகப் பாதுகாப்பு என் கைக்கு வந்தது.

மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்தில் எந்தப் பக்கத்துத் தோட்டம், எந்தத் தொகுதி என்று சொல்லப் போவதில்லை. சொல்லாமல் விட்டால்தான் படிக்கிறவர்கள் தங்கள் ஆளை நினைத்துக்கொள்ள வசதி. முன்பு ரப்பர், இப்போது எண்ணெய்க்குச் செம்பனை. குலை வெட்டுவதற்கு இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேசிலிருந்தும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் மிச்சமிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதி சபைக்கு வரும், பாதி கோயிலுக்குப் போகும், தேர்தல் சாப்பாடு என்றால் இரண்டும் ஒன்றாக வரும். நான் குலை லாரி ஓட்டி ஓய்ந்தவன். இப்போது தம்பினில் ஒரு மரச்சாமான் கடைக்குக் காவல். திருடன் வந்தால் எந்த நாற்காலி உட்கார வசதி என்று காட்டுவேனே ஒழிய, ஓடிப் பிடிக்கிற உடம்பு இல்லை.

ஜெபத்தை மேலிருந்து தொடங்குவேன். மாமன்னர், பிரதமர், மாநில முதல்வரான மந்திரி பெசார் என்று படிப்படியாக இறங்கி எங்கள் ஒய்.பி.யிடம் வந்து நிற்பேன். சட்டமன்ற உறுப்பினரை இங்கே எல்லாரும் ஒய்.பி. என்றுதான் கூப்பிடுவோம். மாண்புமிகு என்று அர்த்தம். அர்த்தத்தை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. மாமன்னருக்கு இரண்டு வரி போதும். ஒய்.பி.க்கு வந்தால்தான் எனக்கு நாக்கு வளரும்.

"ஆண்டவரே, எங்கள் ஒய்.பி.க்கு இந்தத் தோட்டத்துக்கு வரும் பாதையைக் காட்டும். அவர் வண்டியில் இருக்கிற வழிகாட்டி தேர்தல் காலத்தில் மட்டும்தான் வேலை செய்கிறது. அதைப் பழுதுபார்த்துக் கொடும். அவர் தொண்டைக்கு நல்ல சுகத்தைக் கொடும். 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று சொல்லிச் சொல்லி அது புண்ணாகிப் போயிருக்கும். அவரை மன்னியும். நாங்களும் மன்னித்துவிட்டோம்."

எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள், தோள்கள் மட்டும் குலுங்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்துவைப்பார். கடைசியில் ஒரு பெரிய ஆமென் விழும். ஒருத்தி மட்டும் சொல்லமாட்டாள். அவள் என் தங்கச்சி.

அவள் புருஷன் சாவதற்கு முன்பு அவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

எங்கள் லயத்துக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் ஓர் ஆறு. ஆறு என்று சொல்வது மரியாதைக்கு. வெயில் காலத்தில் கோழிகூடத் தாண்டும். மழை பிடித்தால் வேறு. அதன்மேல் பழைய தண்டவாளக் கட்டைகளை அடுக்கி ஒரு பாலம். அது பொது வழி என்று தோட்ட நிர்வாகம் சொன்னது. தோட்டத்து நிலம் என்று அரசாங்கத்தில் சொன்னார்கள். ஒய்.பி. இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுகிறேன் என்றார். அவர்களுக்கு இன்னும் நாற்காலி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஒருநாள் மத்தியானம், நல்ல மழை. மாப்பிள்ளை செம்பனை வெட்டுகிற ஆள், இரும்பு மாதிரி உடம்பு. வேலை நின்றுபோனதால் வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். சும்மா சொல்லக்கூடாது, சீக்கிரமே வந்தது. வந்து அக்கரையில் நின்றது. பாலத்துக்குமேல் இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மலையைச் சுற்றிப் போகும் லாரிப் பாதை சரிந்து கிடந்தது.

குலை ஏற்றும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் மாப்பிள்ளையைப் போட்டு ஆற்றங்கரைவரை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். என் தொப்பையோடு சேற்றில் அதைத் தள்ளியது இன்னொரு நாளாக இருந்தால் சிரித்துச் செத்திருப்பார். ஆம்புலன்சுப் பிள்ளைகள் மழைக்கோட்டுடன் அந்தப் பக்கம் நின்றார்கள். அவர்கள் முகம் தெரிந்தது. எங்கள் முகமும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தான். மற்றவர்கள் பிடித்து இழுத்துவிட்டார்கள். தங்கச்சி சேற்றில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். அவர் சுழன்றுகொண்டிருந்த நீல விளக்கைப் பார்த்தார்.

"பக்கத்துலதான் நிக்குது பாரு," என்றார்.

அவர் பேசியதில் அதுதான் கடைசி. தண்ணீர் இறங்கி அவர்கள் இக்கரைக்கு வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. தங்கச்சியின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

அடக்கத்துக்கு ஒய்.பி. வந்தார். கறுப்புக் கண்ணாடி, கறுப்புச் சட்டை, கூடவே படம் எடுக்க ஓர் ஆள். பெட்டியின் தலைமாட்டில் நின்றார். தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாலம் அடுத்த மாசம்மா, நான் பொறுப்பு," என்றார். படம் அன்று சாயங்காலமே அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் வந்துவிட்டது. அதில் பெட்டி பாதிதான் விழுந்திருந்தது, ஒய்.பி. முழுசாக இருந்தார்.

பிறகு எல்லாம் பழையபடி. நான் ஞாயிறுதோறும் ஒய்.பி.யை மன்னித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது சுலபமாகத்தான் இருந்தது. அவர் படம் போட்ட அரிசிப் பை ஒன்று வீட்டில் காலியாகிக் கிடந்தது. அதை வாசலில் விரித்து, அவர் முகத்தில் காலைத் துடைத்துவிட்டுத்தான் சபைக்குக் கிளம்புவேன். கால் சுத்தமாக இருந்தால் மனசும் சுத்தமாகத்தானே இருக்கும்.

தங்கச்சிக்கு இந்த வித்தை வரவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. திராட்சை ரசத்துக்கு நாங்கள் எங்கே போவது. சிவப்பு சிரப்பைத் தண்ணீரில் கலந்து சின்னச் சின்னக் கிளாசுகளில் ஊற்றி, தட்டில் வைத்து வரிசையாகக் கைமாற்றுவோம். ரொட்டியும் அப்படியே. யார்மேலாவது கசப்பு இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு வந்து எடுங்கள் என்று போதகர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அதை ஓர் அறிவிப்பு மாதிரிதான் நாங்கள் கேட்டுக்கொள்வோம். விமானத்தில் பெல்ட் போடச் சொல்வார்களே, அந்த மாதிரி. என் தங்கச்சி ஒருத்திதான் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை போன பிறகு வந்த முதல் திருவிருந்தில் தட்டு அவளிடம் வந்தது. ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தாள். எடுக்காமல் என்னிடம் தள்ளிவிட்டாள். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். சபை முழுக்கப் பார்க்கும். அவளுக்கும் அது தெரியும். சின்ன வயதிலிருந்து ஒரு திருவிருந்தும் தவறாதவள். தட்டு தன்னைத் தாண்டிப் போகும்போது அவள் தொண்டை ஒருமுறை விழுங்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, என் கிளாசைக் குடித்துவிட்டு, சர்க்கரை கூடிப்போயிற்று என்று குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

போதகர் நல்ல மனுஷர். சிரம்பானிலிருந்து சின்னக் காரில் வருவார். லிங்கிப் பக்கம் இன்னொரு சபையையும் பார்க்க வேண்டும் என்பதால் எப்போதும் அவசரம். ஒருநாள் ஆராதனை முடிந்து அவளை நிறுத்திப் பேசினார்.

"எத்தனை நாளைக்கும்மா இப்படி? மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஆண்டவர் மிச்சத்தைப் பாத்துக்குவார்."

"வார்த்தை சொல்றதுக்குத்தான் எங்கண்ணன் இருக்காரே பாஸ்டர். வாராவாரம் சொல்றாரு. காலைத் தொடச்சிட்டு வந்து சொல்றாரு."

போதகர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தகரத்தில் ஓட்டைகள் நிறைய இருந்தன.

"மனசுல இல்லாம எப்படி பாஸ்டர் வாயில வெச்சு முழுங்கறது?" என்றாள். "அந்த ஆம்புலன்சு வெளக்கு இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. அது நிக்கட்டும், எடுத்துக்கிறேன்."

தேர்தல் வந்தது. சபைக்கு ஒய்.பி. வருகிறார் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு தேநீர், அதற்குமுன் அவருக்காக ஜெபம். தலைவர்கள் வந்தால் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, யாராவது ஒருவர் ஜெபிக்க, மற்றவர்கள் கையை நீட்டி நிற்பது எங்கள் முறை. நியாயப்படி அது என் வேலை. போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தத் தடவை நீங்க வேணாம்ணே," என்றார். "அவர் முன்னாலயே நீங்க அந்த வழிகாட்டிக் கதையை ஆரம்பிச்சீங்கன்னா அவர் போட்டுத் தர்றேன்ன புதுக் கூரை போயிடும்." பிறகு தங்கச்சியிடம் போனார். ஆண்டவர் தந்த வாய்ப்பு என்றார். நீயே ஜெபி, உன் பாரத்தை நீயே இறக்கிவை என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவர் சட்டைக் காலரைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளை நிறுத்தி, அந்த ஆளுக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொல்கிற அன்பு எந்த ஊர் அன்பு. ஆனால் போதகர் கண்ணில் கூரை மட்டும் இல்லை. அவள் தட்டைத் தள்ளுவதை அவரால் தாங்கமுடியவில்லை என்பதும் இருந்தது. இரண்டும் ஒரே முகத்தில் இருந்ததால் காலரை விட்டுவிட்டேன். எட்டவும் எட்டாது.

தங்கச்சி அந்த வாரம் முழுக்க யோசித்தாள். சனிக்கிழமை நான் போனபோது இஞ்சியை இடித்துக்கொண்டிருந்தாள். இடித்த இடியில் இஞ்சி எப்போதோ மன்னிப்புக் கேட்டிருக்கும்.

"செய்யப் போறேண்ணே," என்றாள்.

"ஒனக்கு வேணாம்னா வேணாம் லா. பாஸ்டர் கெடக்காரு."

"இல்லண்ணே. நான் ரொம்ப ஒண்ணும் கேக்கல. பாலத்தக்கூடக் கேக்கல. அவர் முன்னால நின்னு, இந்த மாதிரி ஆச்சு, அத ஒங்கமேல வெச்சிருந்தேன், இப்ப எடுத்துட்டேன்னு சொல்லணும். அவர் கேட்டுட்டு ஒரு தடவ தலையக் குனிஞ்சாப் போதும். எனக்கு அது போதும். அடுத்த வாரம் திருவிருந்து எடுத்துக்குவேன்."

"குனியலன்னா?"

"மனுஷந்தானேண்ணே. குனிவாரு."

மறுநாள் நல்ல வெயில். ஒய்.பி.யின் பெரிய வண்டி பாலத்தில் மெதுவாக ஏறியது. கட்டைகள் முனகின. சபைப் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த நேரத்தில் ஆண்டவரிடம் என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதமுடியாது. பாலம் தாங்கிவிட்டது. அந்தப் பெரிய வண்டியோடு அவர் எடைக்கும் அது தாங்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இறங்கினார். எங்கள் இனம், எங்கள் மொழி, ஆனால் சபை பழக்கமில்லை. வாசலில் காலணியைக் கழற்றி வைத்தார். "போட்டுக்குங்க ஒய்.பி., பரவால்ல," என்று போதகர் சொல்லியும் கேட்கவில்லை. காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. உள்ளே வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காலையில் ஒரு கோயில், மத்தியானம் ஒரு கல்யாணம், நடுவில் நாங்கள். பின்னால் ஆட்கள் அரிசிப் பைகளை இறக்கினார்கள். புதுப் படம். ஒய்.பி. கொஞ்சம் இளமையாகியிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கச்சி முன்னால் வந்தாள். வெள்ளைச் சேலை, ஈரத் தலை. அவர் தலைக்குமேல் கையை வைத்தாள், தொடாமல். நாங்கள் எல்லாரும் கையை நீட்டி நின்றோம்.

"ஆண்டவரே," என்று ஆரம்பித்தாள். மெல்லிய குரல். "இவர் என் புருஷன் அடக்கத்துக்கு வந்தவரு. ஒமக்குத் தெரியும். நான் இவர..."

அங்கேதான் நாங்கள் கெடுத்தோம்.

எங்கள் சபையில் ஒருவர் ஜெபிக்கும்போது அது மனதைத் தொட்டுவிட்டால் மற்றவர்கள் சும்மா இருக்கமாட்டோம். ஆளாளுக்குச் சத்தம் போட்டு அவரவர் ஜெபத்தைத் தொடங்கிவிடுவோம். அது தாங்கிப்பிடிப்பது மாதிரி. தனியாக நிற்கிறவளின் முதுகில் கை வைப்பது மாதிரி. அவள் குரல் உடைந்த அந்த இடத்தில் சபை மொத்தமும் பொங்கிவிட்டது. சிங்கப்பூர் மகளின் அம்மா ஓவென்று கதறினார். ஆசிரியர் மேசையைத் தட்டினார். போதகர் மைக்கைப் பிடித்தார். எல்லாரையும்விடச் சத்தம் என்னுடையது. அழுதேனா ஏசினேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் எனக்கு ஒரே குரல்தான். தகரக் கூரை அதிர்ந்தது. நடுவில் தங்கச்சியின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, தான் சொல்ல வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் அந்த நாற்காலிவரை போகவில்லை. அவ்வளவு அன்பு அவளைச் சுற்றி.

ஆமென் சொன்னோம். ஒய்.பி. கண்ணைத் திறந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பழக்கதோஷம், திருநீற்றுக்குக் கையை நீட்டினார். ஒன்றும் விழாததால் அந்தக் கையையே கும்பிடாக மாற்றினார். தங்கச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரொம்ப நல்ல ஜெபம்மா," என்றார். "ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு." அவளை உற்றுப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஒங்கள எனக்குத் தெரியுமே. முன்னாடி தேர்தலுக்கு வந்தப்ப எளநி வெட்டிக் குடுத்தாரே, ஒங்க வீட்டுக்காரர்தானே? ஒரே வெட்டுலா. அந்த மாதிரி எளநி நான் அப்புறம் குடிக்கவே இல்ல. எங்க, வரலையா அவரு?"

என் வாய் திறந்துவிட்டது. இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நான் அவிழ்த்துவிட்ட கிண்டல் எல்லாம் ஒன்றாகத் திரண்டு பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. தலைமாட்டில் நின்று படம் எடுத்தவனே என்று தொடங்க இருந்தேன். தங்கச்சியின் கை பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அன்று மாப்பிள்ளையைப் பிடித்திருந்த பிடி.

"வேலைக்குப் போயிருக்காரு, ஒய்.பி.," என்றாள்.

"ஞாயித்துக்கெழமையுமா? நல்ல ஒழைப்பாளி. நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

பிறகு தேநீர். ஒய்.பி. உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிப்பாப் இரண்டு சாப்பிட்டார், கூரையை அண்ணாந்து பார்த்தார், "அடுத்த மாசம்," என்றார். போதகர் அழுகையும் நன்றியுமாக ஒரு முகம் வைத்திருந்தார். இஞ்சித் தேநீரை ஒய்.பி.க்கு ஊற்றிக் கொடுத்தது தங்கச்சிதான். சர்க்கரை போதுமா என்று கேட்டுக் கொடுத்தாள்.

வண்டி போன பிறகு நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சொல்லல? மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த. செத்துட்டாருடா, அடக்கத்துக்கு நீயுந்தான் வந்தன்னு. இல்ல, என்னையாவது சொல்ல விட்டிருக்கலாம்ல."

"எப்படிண்ணே சொல்றது? அத்தன பேரு பாக்கறாங்க. அந்தாளு மொகம் என்னாவும்? பாவமாப் போச்சு." பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அழுதிருந்தால் தேவலை. "எளநி ஞாபகம் இருக்கு பாருண்ணே. ஒரே வெட்டாம்."

போதகருக்கு லிங்கிக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நின்றார். அவள் அருகில் வந்து, "இன்னைக்கு நீ செஞ்சதுக்குப் பேர்தாம்மா மன்னிப்பு," என்றார். "அவர் அவமானப்படாம நீ மறச்சிட்ட. நான் ஆயிரம் பிரசங்கம் பண்ணாலும் இது வராது. வர்ற ஞாயிறு நீ எடுத்துக்கலாம்."

"இல்ல பாஸ்டர்."

"இன்னும் என்னம்மா?"

"நான் குடுத்துட்டேன் பாஸ்டர். மனசோடதான் குடுத்தேன். ஆனா வாங்க ஆளில்ல. வீட்ல யாரும் இல்லன்னா பார்சல் திரும்பி வந்துடும்ல, அப்படி. இப்ப அது என் கையிலதான் இருக்கு. குடுத்துட்டேன்னு சொல்லிட்டு நான் எப்படி அதக் கையில வெச்சுக்கிட்டு எடுத்துக்கறது? பொய் வேற சொல்லிட்டேன், சர்ச்சுக்குள்ளயே."

போதகர் காரில் ஏறிக் கொஞ்சநேரம் இன்ஜினைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவசரக்காரர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒய்.பி. ஜெயித்துவிட்டார். போன தடவையைவிட நல்ல வித்தியாசம். எங்கள் தோட்டத்திலிருந்தும் ஓட்டு விழுந்திருக்கும். எதிர்த்து நின்றவர் இந்தப் பக்கமே வரவில்லை, வந்திருந்தாலும் பாலத்தைப் பார்த்துத் திரும்பியிருப்பார். முடிவு வந்த மறுநாள் ஞாயிறு. காணிக்கை எடுத்து முடிந்தது. நோயாளிகள் முடிந்தார்கள், பயணிகள் முடிந்தார்கள். என் முறை. நல்ல சரக்கு வைத்திருந்தேன். இளநீர், காலுறை, பெருவிரல் எல்லாம் சேர்த்து ஒன்று கட்டியிருந்தேன். எழுந்து தொண்டையைக் கனைத்தேன். சட்டையைப் பிடித்து யாரோ கீழே இழுத்தார்கள்.

"நீ ஒக்காருண்ணே," என்றாள் தங்கச்சி. "இனிமே இத நான் பாத்துக்கறேன்."

அவள் எழுந்து நின்றாள். மாமன்னர் இல்லை, பிரதமர் இல்லை, நேராக ஒய்.பி.யிடம் போனாள்.

"ஆண்டவரே, அவருக்கு நல்ல சொகத்தக் கொடும். நீண்ட ஆயுசக் கொடும். பிள்ளைங்களோட, பேரப் பிள்ளைங்களோட நல்லாருக்கட்டும். அவருக்கு ஞாபகத்தக் கொடும். ஆமென்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆமென் சொல்லவும் வரவில்லை. அதைச் சொல்வதா, எழுந்து வெளியே போய்விடுவதா என்று தெரியாமல் சபை விழித்தது. முதலில் சொன்னவர் ஆசிரியர். இருமாமல் சொன்னார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அதே ஜெபம். ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. நான் வருஷக்கணக்கில் அந்த ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன்; ஓர் அடியும் படவில்லை. இவள் நல்லாயிரு என்று சொல்லிவிட்டு எந்த இடத்தில் கை வைக்கிறாள் பாருங்கள். வேலை போய்விட்டது எனக்கு. இப்போது உட்கார்ந்தபடியே கேட்கிறேன், குறட்டையும் வருவதில்லை.

போன முதல் ஞாயிறு தட்டு வந்தது. வாங்கினாள், பார்த்தாள், தொண்டை ஒருமுறை விழுங்கியது, என்னிடம் தள்ளினாள். வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டுவிட்டேன்.

"நீ பண்றது ஜெபமா, சாபமா?"

"ஜெபந்தாண்ணே."

"அந்தாளுக்கு நெசமாவே ஞாபகம் வந்துச்சுன்னு வையி. ஆத்தங்கரை, வெளக்கு, பொட்டி, இந்தத் தோட்டம், மத்தத் தோட்டம், எல்லாம் ஒண்ணா வந்துச்சுன்னு வையி. தாங்குவாரா?"

"தாங்கமாட்டாரு."

"அப்புறம்?"

சேலை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், வெயில் ஏறியிருந்தது.

"அன்னிக்கு அந்தப் பார்சல வாங்க என்கிட்ட வருவாருல்ல," என்றாள். "அதுக்குத்தாண்ணே ஆயுசு கேக்கறேன்."